மாடு தாண்டாத கடப்பு

என் தம்பி ஒவ்வொரு வருடமும் கனடாவிலிருந்து ஒரு சைக்கிளைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வருவான். கழற்றிய சில்லுகள் ஒரு பக்கம், கைபிடி ஒரு பக்கம், இடைவெளிகளில் அம்மாவின் மாத்திரைகளும் எனக்கு அளவு பொருந்தாத சப்பாத்தும். வேலணையில் எங்கள் வீட்டு விறாந்தையில் அதைப் பூட்டி முடிக்க அவனுக்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். முதல் வருடம் அயல் முழுக்கத் திரண்டு வந்து பார்த்தது. இப்போது பக்கத்து வீட்டு நாய்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

அதற்குக் கிறவல் சைக்கிள் என்று பெயராம். தார் போடாத பாதைகளில் ஓடுவதற்கென்றே செய்தது. அங்கே சனி ஞாயிறுகளில் அவனும் கூட்டாளிமாரும் மலைச்சரிவு, காடு, ஆற்றுப் பள்ளத்தாக்கு என்று நாள் முழுக்க ஓடுவார்களாம். படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். எல்லாப் படத்திலும் ஒரே பச்சை, ஒரே சிரிப்பு. எங்கள் தீவில் மலை இல்லை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றிருந்தால் அது பாலத்தின் முதுகுதான். ஆறு இல்லை; மாரியில் வெள்ளம் வடிகிற வாய்க்கால் உண்டு, தை மாதத்தில் அதுவும் வெடித்துக் கிடக்கும். காடு என்றால் பனை. கிறவல்கூட எங்களுடையதில்லை, வன்னியிலிருந்து டிப்பரில் வந்து இறங்குகிற சிவப்பு மண். எங்களுக்கென்று உள்ளது முருகைக்கல்லும் மணலும் முள்ளும்.

"உனக்கு ஓடுறதுக்கு இஞ்சை என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

"பாதை கிடக்குத்தானே அக்கா" என்றான்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். வசதியாகப் போனவர்களுக்கு வந்த விளையாட்டு என்றுதான் நினைத்தேன், அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம், வெயிலில் கறுத்துப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே உறங்கிவிட்டான். மடியில் அவனுடைய போன் திறந்தபடி கிடந்தது. தீவின் படம். அதன் மேல் அவன் ஓடிய பாதைகள் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கோடு கோடாக இருந்தன. ஒரு கோடு கடற்கரையோடு போனது, ஒன்று பனங்காணிகளுக்குள் வளைந்தது, ஒன்று கோவில் வீதியைச் சுற்றியது. ஆனால் எல்லாக் கோடும் அல்லைப்பிட்டியில் தொடங்கிக் கரம்பொனில் முடிந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீடு கரம்பொனில் இருந்தது. சண்டை தீவுக்கு வந்தபோது நாங்களும் ஊரோடு சேர்ந்து கிழக்கே ஓடினோம். அல்லைப்பிட்டியில் ஒரு தேவாலயத்தில் இடம் கிடைத்தது. சைவக்காரர் நாங்கள், அந்த நேரத்தில் யார் அதைப் பார்த்தார்கள். பின்னேரம் திரும்பிவிடலாம் என்ற நினைப்பில்தான் எல்லாரும் புறப்பட்டிருந்தோம். அதனால் வீடுகளைப் பூட்டவில்லை, கோழிக்குத் தவிடு வைத்தோம், மாட்டைக் கட்டையில் கட்டி, வாளியில் தண்ணீர் வைத்து, ஒரு கட்டு வைக்கோலும் போட்டோம். நான் கடைசியாகத் திரும்பிப் பார்த்தபோது மாடு கட்டையோடு இழுபட்டுக் கத்திக்கொண்டு நின்றது.

பின்னேரம் திரும்ப முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. சோளகக் காற்று வீசுகிற கோடை காலம். ஒரு வாளித் தண்ணீர் எத்தனை நேரத்துக்குக் காணும்? தேவாலயத்துக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். குண்டைப் பற்றிப் பேசியதைவிடக் கட்டிவிட்டு வந்த மாடுகளைப் பற்றித்தான் கூடப் பேசினார்கள். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒரு ஆண்பிள்ளை திரும்பிப் போனார், மாட்டை அவிழ்த்து விட. வேறு எந்த ஊர்ச் சனம் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் சொன்னார்.

"தண்ணியில்லாமல் செத்துப்போம். அவிட்டு விட்டிட்டு வாங்கோவன்."

அப்பா மறுக்கவில்லை. அம்மா சொல்லாவிட்டாலும் போயிருப்பார். தன்னுடைய பாரச் சைக்கிளைத் திருப்பி நிறுத்திவிட்டு, "பயப்பிடாதை. பனைக்குள்ளாலை போய்ப் பனைக்குள்ளாலை வாறன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். போனார். அவ்வளவுதான். சிலருடைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். அப்பா வரவில்லை. யார் கண்டார்கள், யார் மறித்தார்கள், எந்த இடம், ஒன்றும் இல்லை. உடலும் இல்லை, சைக்கிளும் இல்லை.

அந்த மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது வெள்ளைப் பசு. கன்றாக இருந்தபோதே தாய் செத்துப்போனதால் அப்பாதான் போத்தலில் பால் பருக்கி வளர்த்தார். அதற்குத் தாய் யார் என்று கேட்டால் அப்பாவைத்தான் காட்டியிருக்கும். அவிழ்த்து விட்டால் மேயப் போகாது, அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் போகும். அவர் கடைக்குப் போனால் கடைக்கு, கோவிலுக்குப் போனால் கோவில் வாசலுக்கு. அது ஓடிக் களைக்கக் கூடாது என்று அவர் மிதியை மெதுவாக மிதிப்பார். "சம்பந்தி வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவியளோ அண்ணை?" என்று ஒழுங்கையில் பகிடி விடுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே போவார்.

ஆனால் பனங்காணிகளுக்குள் அதனால் வர முடியாது. காணிக்குக் காணி வேலியில் கடப்பு இருக்கும். இரண்டு கல்தூண், நடுவில் முழங்காலுக்கு மேலே ஒரு குறுக்குக் கல். ஆள் காலைத் தூக்கிவைத்துப் போகலாம், சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கலாம், மாடு தாண்டாது. மாடு தாண்டக்கூடாது என்பதற்காகத்தானே கடப்பு. அப்பா குறுக்கு வழியில் போகிற நாட்களில் அது கடப்படியில் நின்று கத்துகிற கத்தலைக் கேட்க ஏலாமல், பாதியில் திரும்பி வந்து, அதைக் கூட்டிக்கொண்டு தரவைப் புல்வெளியால் சுற்றிப் போவார். எனக்கு அப்போது அதைப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பிறகு பல வருடங்கள் அந்த மாட்டின் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒரு மாட்டுக்காக எங்களை விட்டுப் போனாரே என்று அப்பாவின் மேலும்தான்.

தம்பி அகதியாகக் கனடாவுக்குப் போனான். நான் கலியாணம் கட்டினேன், தனித்தேன், அம்மாவோடு வேலணைக்கு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து கரம்பொன் எவ்வளவு தூரம்? சைக்கிளில் போய் வரலாம். ஒரே ஒரு முறை போனேன். எங்கள் ஒழுங்கை முழுக்க ஈச்சம்பற்றையும் பனை வடலியும் மூடி, வாசல் எது வேலி எது என்று தெரியாமல் கிடந்தது. கத்தி கொண்டு வந்து வெட்டியிருக்கலாம். நான் வெட்டவில்லை. உள்ளே கட்டையில் எதைக் காணப்போகிறேனோ என்று பயமாக இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. நடக்கக் கஷ்டம், ஆனால் புத்தியில் ஒரு பிசகும் இல்லை. எந்தக் கோழி எங்கே முட்டையிடும் என்பதைப் படுக்கையிலிருந்தே சொல்லுவார். அப்படிப்பட்டவர் ஒவ்வொரு நாளும் தம்பி சைக்கிளால் இறங்கியதும், அவன் இல்லாத மாதங்களில் நான் இறங்கியதும், ஒரே கேள்வியைக் கேட்பார்.

"தம்பி, அப்பா மாட்டை அவிட்டவரோ?"

முதலில் நாங்கள் வயசுக் கோளாறு என்று நினைத்தோம். பிறகு அது அப்படியில்லை என்று தெரிந்தது. அப்பா எங்கே போனார் என்று அம்மா கேட்கவில்லை. யார் செய்தது என்று கேட்கவில்லை. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய காலத்திலேயே அந்தக் கேள்விகளைக் கேட்டுக் களைத்துவிட்டார். இந்த ஒன்றுதான் மிச்சம். போன காரியத்தையாவது முடித்தாரா, அல்லது போகிற வழியிலேயே முடிந்துவிட்டதா? அதற்கு ஒரு பதில் கிடைத்தால் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடுவார் என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. என்ன பதில் அவருக்கு வேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

இந்த வருடம் அவன் வந்திறங்கிய மறுநாளே போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். வானத்திலிருந்து எடுத்த படம். எங்கள் வளவு பச்சைத் திட்டாகத் தெரிந்தது. அதன் பின்பக்கத்தில், தரவையிலிருந்து மயிர் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வளவுக்குள் போனது.

"மாட்டுத் தடம் அக்கா. பின்பக்கத்தாலை உள்ளுக்குப் போகலாம். நீயும் வா."

கட்டாக்காலி மாடுகளைச் சொன்னான். அன்றைக்கு அவிழ்த்து விடப்பட்ட மாடுகள் பற்றைக்குள் பெருகிப் பெருகி இன்று ஆளில்லாத மந்தைகளாகத் திரிகின்றன. மனிதர் விட்டுப்போன ஊர்களில் இப்போது பாதை போடுவது அவைதான். தம்பி ஓடிய கோடுகளில் பாதிக்கு மேல் அவை நடந்து உண்டாக்கியவை.

நான் என்னுடைய லேடீஸ் சைக்கிளில் போனேன். முன்கூடையில் கத்தியும் தண்ணீர்ப் போத்தலும். அவன் முன்னால் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனான், நான் பின்னால் கடகட என்று போனேன். அப்பா சொன்ன மாதிரியே பனைக்குள்ளால் போனோம். இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள். ஒரு வீட்டுச் சுவரில் ஆலமரம் வேர் விட்டு ஏறியிருந்தது, இன்னொரு வீட்டில் வாசல்படி மட்டும் மிச்சம். காற்றில் காவோலை உரசுகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. இங்கே யாரையும் யாரும் காண முடியாது என்று எனக்குத் தோன்றியது. பிறகு அப்பாவை எப்படிக் கண்டார்கள்? இத்தனை வருடம் என்னைக் குடைந்த கேள்வி அதுதான்.

வழியில் ஒரு இளம் நாகு மாடு பற்றைக்குள்ளிருந்து வந்து தம்பியின் சைக்கிளுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியது. கோடையில் இரக்கப்பட்ட சனம் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றுவதுண்டு, அந்தப் பழக்கத்தில் ஆளைக் கண்டால் வருகின்றன. தம்பிக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. அதற்காக மெதுவாக ஓடினான். ஒரு கடப்பு வந்தது. அவன் தன் சைக்கிளை ஒரு கையால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான், என்னுடையதை இரண்டு பேருமாகத் தூக்கினோம். நாகு கடப்படியில் நின்று கத்தியது. தம்பி தலைக்கவசத்தைக் கழற்றி, அதற்குள் தண்ணீர் ஊற்றி, குறுக்குக் கல்லுக்கு மேலால் நீட்டிக்கொண்டு நின்றான்.

"உனக்கு விசர். வெய்யில் ஏறுது, கெதியா வா" என்றேன்.

பனை முடிந்த இடத்தில் தரவை தொடங்கியது. மரமோ பற்றையோ இல்லாத, கட்டையாகப் புல் முளைத்த வெறும் வெளி. அங்கே ஒரு நாய் நடந்தாலும் கடற்கரை றோட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். அதன் ஓரமாகச் சிறிது தூரம் போய், மாட்டுத் தடத்தைப் பிடித்து, குனிந்து குனிந்து எங்கள் வளவுக்குள் நுழைந்தோம்.

மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் கட்டைகூட இல்லை, உக்கிப் போயிருந்தது. நான் நிலத்தைக் காலால் விலக்கி விலக்கி எலும்பு தேடினேன். அதற்காகத்தான் போனேன், ஒளிப்பானேன். ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருட நாய், நரி, மழை. ஒன்றும் இல்லாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. அப்போது தம்பி குசினிப் பக்கமிருந்து கூப்பிட்டான். அவன் குரல் சின்ன வயதுக் குரலாக இருந்தது.

குசினியின் கூரை போய்விட்டது, சுவர் நின்றது. பின்கதவடிச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம். அதற்குள், குளவிக்கூட்டுக்கும் தூசிக்கும் பின்னால், நீல நிற நைலோன் கயிறு. கரையார் வீடுகளில் வாங்கிய வலைக்கயிறு அது. தும்புக் கயிற்றை அந்த மாடு சப்பி அறுத்துவிடும் என்று அப்பா அதைத்தான் கட்டுவார். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் இடையில் சுற்றி, நடுவில் இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. அப்படிச் சுற்றுகிறவர் எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான். கயிற்றுக்கு மேலே மாட்டின் கழுத்து மணி இருந்தது. பச்சை பிடித்திருந்தது, நாக்கு அசையவில்லை.

நாங்கள் வெளிக்கிட்ட நேரம் அந்தக் கயிறும் மணியும் மாட்டின் கழுத்தில் இருந்தன. நான் என் கண்ணால் கண்டவள். அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். மாட்டை அவிழ்த்திருக்கிறார். அவிழ்த்த கயிற்றை எறிந்துவிட்டு ஓடவில்லை, திரும்பி வந்து கட்டுவதற்கென்று சுற்றி வைத்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதோம். அழுகையோடு எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. முதல் தடவையாக அப்பாவின் மேல் கோபம் இல்லாமல் இருந்தது. மனுசன் போன காரியத்தை முடித்துவிட்டார். தம்பி கயிற்றையும் மணியையும் தன் முதுகுப் பைக்குள் வைத்து, பால் குடிக்கிற பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரிக் கவனமாக ஓடி வந்தான்.

அம்மா கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் வழக்கம் போலக் கேட்டார்.

"மாட்டை அவிட்டவரோ?"

"ஓம் அம்மா" என்றான் தம்பி. முழங்காலில் நின்று, கயிற்றை அவர் மடியில் வைத்தான். "அவிட்டவர். வீட்டுக்குப் போய்ச் சேந்திருக்கிறார். இதைப் பாருங்கோ, அப்பாவின்ரை சுத்துத்தானே?"

அம்மா கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். செருகியிருந்த நுனியை விரலால் தடவினார். பிறகு மணியை எடுத்தார். அவர் முகத்தில் வரப்போகிற நிம்மதிக்காக நாங்கள் காத்துக்கொண்டு நின்றோம்.

"மணியையும் கழட்டினவரோ" என்றார்.

"ஓம்."

"அப்ப அது பின்னாலை வரப்போகுதெண்டு தெரிஞ்சிருக்கு. சத்தம் கேக்கக் கூடாதெண்டு கழட்டியிருக்கிறார்."

தம்பிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கு அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது, விளங்காமல் இருந்திருக்கலாம்.

"கடப்புக்குள்ளாலை அது வராது" என்றார் அம்மா. குரல் ஆறுதலாகத்தான் இருந்தது. "கத்தவிட்டிட்டு அவரும் வரமாட்டார். பனைக்குள்ளாலை வாறன் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டு, அதையும் கொண்டு தரவையாலை வந்திருக்கிறார். வெள்ளை மாடு. அது ஓடிக் களைக்குமெண்டு மெல்ல மெல்ல மிதிச்சுக்கொண்டு."

"அம்மா, அப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியாதுதானே" என்றேன்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. அவிட்டா இதுதான் நடந்திருக்குமெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான்தானே அவிட்டுவிடச் சொன்னனான். அவர் போய்ச் சேரேல்லை, அவிழ்க்கேல்லை எண்டு நீங்கள் ஆராவது வந்து சொல்லுவியள் எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

மணியை என்னிடம் நீட்டினார். உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அதைக் குசினி அலுமாரிக்குள் சட்டிகளுக்குப் பின்னால் வைத்தேன்.

தம்பியின் விடுமுறையில் இன்னும் நாட்கள் இருந்தன. தரவைக்குக் குறுக்கால் ஒரு கோடுதான் அவன் போனில் இன்னும் விழாமல் மிச்சம். அதை அவன் ஓடவில்லை. சில்லுகளைக் கழற்றி, சைக்கிளைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டு, புறப்படுகிற நாள் வரையும் அம்மாவின் காலடியில் இருந்தான். அவன் போன பிறகும் நான் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை நிறுத்துகிறபோது, உள்ளேயிருந்து அந்தக் கேள்வி வரும் என்று ஒரு கணம் வாசலில் நிற்கிறேன். அம்மா கேட்பதில்லை.